பழைய ஹோர்ன் ஸ்பீக்கரை வீட்டில் வைப்பதும் திருத்துவதும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது 1940களில் இருந்து 1980கள் வரை செய்யப்பட்ட ஹோர்ன் ஸ்பீக்கர்கள்: கிளிப்ஷ், ஆல்டெக், ஜேபிஎல், எலெக்ட்ரோ-வொய்ஸ், விற்றாவொக்ஸ் போன்றவை. யாழ்ப்பாணத்துக்கு இவை பெரும்பாலும் ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ, சொந்தக்காரர் வீடு மாறும்போது கப்பலில் வந்து சேர்கின்றன. வந்த கையோடு எல்லோரும் கேட்பது "இதில் எதை மாற்றலாம்?" என்பதைத்தான். என் பதில் எப்போதும் ஒன்று: முதலில் இடத்தை மாற்றுங்கள், பிறகு பாகத்தைப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்த மாற்றம் பிடிக்காவிட்டால் பழையபடி வைக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கோயிலில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரும் இதுவும் ஒன்றா?

அடிப்படை ஒன்றுதான். சின்ன டயபிரம் (அதிரும் மெல்லிய தகடு) ஒன்று காற்றைத் தள்ளுகிறது. ஒடுங்கிய கழுத்தில் தொடங்கி மெல்ல மெல்ல விரிகிற குழாய், அந்தத் தள்ளலை வீணாக்காமல் வெளிக் காற்றிடம் சேர்க்கிறது. நாதஸ்வரமும் இதே வேலையைத்தான் செய்கிறது: சீவாளி சின்னது, உலவு போகப் போக அகலும், அணசு விரியும். மைக் இல்லாமலே வீதி முழுக்கக் கேட்பது அந்த விரிவால்தான்.

கோயில் குழாய், பேச்சு தூரத்துக்கு விளங்க வேண்டும் என்று செய்தது. இடம் மிச்சம் பிடிக்கக் குழாயை உள்ளுக்குள்ளேயே மடித்திருப்பார்கள். ஏறக்குறைய 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. மேலே 6000, 7000 ஹேர்ட்ஸோடு ஓய்ந்துவிடும். தவிலின் தொப்பிப் பக்கம் அதில் வெறும் தட்டுச் சத்தமாகக் கேட்பது அதனால்தான். வீட்டு ஸ்பீக்கரில் பாஸுக்கு ஒன்று, நடுச் சுரத்துக்கு ஒன்று, கீச்சுக்கு ஒன்று என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கும். கோயில் குழாயை ஹோலில் வைத்துப் பாட்டுக் கேட்க முயல வேண்டாம்.

8 வொட் வால்வு அம்பிளிஃபயர் போதுமா?

தாராளம். தட்டில் வைக்கிற சாதாரண ஸ்பீக்கர் 1 வொட்டுக்கு, 1 மீற்றர் தூரத்தில், 87 டெசிபல் அளவில் தரும். கிளிப்ஷ் லா ஸ்காலாவுக்குக் கம்பனி சொல்லும் கணக்கு 104 டெசிபல். வித்தியாசம் 17 டெசிபல், அதாவது 50 மடங்கு. அங்கே 50 வொட் வேண்டிய சத்தத்துக்கு இங்கே 1 வொட் போதும். 1990களில் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊருக்கு ஒரு வொட்டின் பெறுமதியைச் சொல்லித் தரத் தேவையில்லை.

நீங்கள் வீட்டில் கேட்கும் இசையில் பெரும்பகுதி அந்த முதல் ஒரு வொட்டுக்குள் நடக்கிறது. ஆகவே அந்த ஒரு வொட் சுத்தமாக இருக்கிற அம்பிளிஃபயரைத் தேடுங்கள். 200 வொட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம்.

கனடாவில் இருந்து ஸ்பீக்கரோடு அம்பிளிஃபயரும் வந்தது. அப்படியே செருகலாமா?

கூடாது. அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும். அம்பிளிஃபயர் இழுக்கும் அளவைப் போல இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக வாங்குங்கள். வோல்ட் சரியானாலும் 60 ஹேர்ட்ஸுக்கென்று சுற்றிய ட்ரான்ஸ்போமர் 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். முதல் நாள் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுக் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். லண்டனில் இருந்து வந்ததற்கு இந்தக் கரைச்சல் இல்லை.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சத்தம் போட்டுப் பார்க்க அவசரப்படாதீர்கள். கப்பல் பயணத்தில் காந்தத்தின் பாரமே அதற்கு எதிரி. ஹோர்னின் பின்னால் தொங்கும் டிரைவர் (காந்தமும் டயபிரமும் சேர்ந்த பாகம்) பல கிலோ இருக்கும். அதைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம், வார்ப்பு ஹோர்னின் கழுத்தில் வெடிப்பு விழுந்திருக்கலாம். ரோர்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு மல்டிமீற்றர். 8 ஓம் டிரைவர் என்றால் மீற்றரில் 5.5 இல் இருந்து 7 வரை காட்டும், 16 ஓம் என்றால் 10 இல் இருந்து 13 வரை. ஒன்றும் காட்டாவிட்டால் உள்ளே இருக்கும் கொயில் (வயர்ச் சுருள்) அறுந்துவிட்டது. இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும்.

பாஸ் ஸ்பீக்கரின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். துணி அல்லது மடிப்புக் கடதாசி விளிம்பு என்றால் நல்ல காலம், அது பல பத்து வருடம் தாங்கும். நுரை விளிம்பு எங்கள் வெக்கையில் பொடியாய்ப் போயிருக்கும். விரல் பட்டதும் கறுப்பாக உதிர்ந்தால் புது விளிம்பு ஒட்டாமல் ஓட்ட வேண்டாம். 15 அங்குலக் கோன் வருடக்கணக்கில் ஒரே பக்கமாக இருந்தால் பாரத்தில் சற்றுத் தொய்ந்திருக்கும். நாலு ஸ்குறூவையும் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் போதும். காசில்லாத திருத்தம் இது, ஆனால் செய்பவர்கள் குறைவு.

கடைசியாக வயர் முனைகள். பச்சை பூத்திருந்தால் நுண்ணிய அரத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் துடையுங்கள். பெட்டியில் இருக்கும் சத்தக் குமிழியை அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்குமாகப் பல தடவை திருப்புங்கள். "கீச்சு வேலை செய்யவில்லை" என்று வருவதில் பாதி இத்தோடு தீர்ந்துவிடும்.

எங்கே வைப்பது? மூலையிலா, சுவரோடா?

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். 1946 இல் இருந்து வருகிற கிளிப்ஷ்ஹோர்ன் மூலைக்கென்றே பிறந்தது. அதன் பாஸ் குழாயின் கடைசிப் பகுதியாக வேலை செய்வது உங்கள் வீட்டின் இரண்டு சுவர்களும்தான். பெட்டியைச் சுவரோடு நெருக்கி, இடைவெளியை நுரைப் பட்டியால் அடைக்க வேண்டும். இருபக்கமும் ஒரு மீற்றருக்கு மேல் வெறும் சுவர் தேவை. எங்கள் சீமெந்துச் சுவர் இதற்கு மிகத் தோது. மேலை நாட்டுப் பலகைச் சுவர் பாஸோடு சேர்ந்து அதிரும், எங்களது அசையாது. இந்த ஒரு விஷயத்தில் யாழ்ப்பாண வீடு அமெரிக்க வீட்டை வெல்லும்.

லா ஸ்காலா, ஆல்டெக் ஏ7 வகை மூலை இல்லாமலும் நடக்கும். ஆனால் 100 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் எங்கள் வெப்பநிலையில் 3.5 மீற்றர்; அந்தப் பெட்டிகளின் வாய் அதற்கு முன்னால் சின்னது. மூலையை நெருங்க நெருங்க இரு சுவரும் தரையும் வாயை நீட்டிக்கொடுக்கும், பாஸ் நிறையும். அளவுக்கு மேல் நெருங்கினால் ஆண் குரல் பானைக்குள் இருந்து பேசுவது போல வரும். அங்கே நிறுத்தி, ஒரு சாண் வெளியே இழுங்கள்.

இருக்கும் இடமும் ஸ்பீக்கர் அளவுக்கு முக்கியம். 15 அடிக்கு 12 அடி ஹோல் ஒன்றை எடுங்கள். நீளத்தால் 38 ஹேர்ட்ஸிலும் அகலத்தால் 48 ஹேர்ட்ஸ் அளவிலும் அறை தானே முழங்கும். நீளத்தின் நட்டநடுவில் கதிரையைப் போட்டால் அந்த 38 காணாமல் போகும்; பின்சுவரில் முதுகைச் சாய்த்தால் எல்லாம் ஒன்றாகக் குவிந்து இரையும். பின்சுவரில் இருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னே வந்து தொடங்குங்கள். அதற்குப் பிறகு கதிரையை அரை அடி, அரை அடியாக நகர்த்திப் பார்க்கலாம்.

அடுத்தது திருப்பம். ஹோர்ன் சத்தத்தை ஒரு பக்கமாகக் குவித்து வீசும், அதுதான் அதன் பலம். இரண்டு ஹோர்னின் நேர்கோடும் உங்கள் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் வெட்டும்படி உள்ளே திருப்புங்கள். பக்கச் சுவரில் படுவது குறையும். அதோடு நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் வல ஹோர்னின் நேர்கோட்டுக்குள் போவீர்கள். கிட்ட இருக்கும் ஸ்பீக்கர் முந்தினாலும் தூர இருப்பது உரத்து வந்து ஈடுகட்டும். மூன்று பேர் வரிசையாக இருந்து கேட்கிற வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது.

உயரத்தையும் மறக்கக் கூடாது. ஹோர்னின் நடு உங்கள் காது மட்டத்துக்கு வர வேண்டும். கதிரையில் இருந்தால் நிலத்தில் இருந்து ஏறக்குறைய 1 மீற்றர், சாய்மனைக் கதிரை என்றால் இன்னும் கீழே. பாயில் இருந்து கேட்கும் வீடு என்றால் பெட்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்திச் சாய்த்து வையுங்கள்.

சரி பார்க்க, மோனோவாகப் பதிந்த குரல் ஒன்றைப் போடுங்கள், இலங்கை வானொலிக் காலத்துப் பேச்சோ பாட்டோ எதுவானாலும். குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்பது போல நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் ஹோர்ன் வாயில் இருந்து உங்கள் மூக்கு வரை அளவு நாடாவால் அளந்து பாருங்கள். இரு பக்கமும் 1 சென்ரிமீற்றருக்குள் ஒத்து வரட்டும். சரியான இடத்தைச் சோக்கட்டியால் நிலத்தில் குறித்துவிடுங்கள், வீடு கூட்டும்போது பெட்டி நகரும்.

எங்கள் ஹோலில் ஒரு மூலையில் கதவு. என்ன செய்வது?

பொய்மூலை கட்டலாம். 18 மில்லிமீற்றர் பிளைவூட் பலகையை ஸ்பீக்கரின் பக்கத்தோடு சேர்த்து, 1 மீற்றர் அளவு நீட்டி, பின்னால் முட்டுக் கொடுத்துப் பூட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் செய்தால்தான் பாஸ் ஒத்து வரும். ஒரு பக்கம் உண்மை மூலை, மறுபக்கம் திறந்த வெளி என்று விட வேண்டாம்.

டைல்ஸ் போட்ட வீடு. கை தட்டினால் "டிங்" என்கிறது. ஹோர்ன் காதைக் குத்துகிறது.

குத்துவது பெரும்பாலும் அறை. பளபளத்த டைல்ஸ், பூசிய சுவர், கண்ணாடி யன்னல், மூன்றும் சேர்ந்தால் எந்த ஸ்பீக்கரும் அங்கே குத்தும். டிரைவரைக் குறை சொல்லி விற்றுவிடாதீர்கள்.

உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே நிலத்தில் தடித்த விரிப்பு ஒன்று. மெல்லிய பன்பாய் மட்டும் போதாது, கீழே பழைய சமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். முதுகுப் பக்கச் சுவரில் புத்தக அலுமாரி, புத்தகங்கள் முன்பின்னாக இருக்கட்டும். யன்னலுக்கு மடிப்பு அதிகமான பருத்தித் திரை. பழைய தும்பு மெத்தையைத் துணியால் சுற்றிப் பின்சுவரில் நிமிர்த்தி வைத்தால் கடையில் வாங்கும் மெல்லிய நுரைத் தட்டுகளை விட நன்றாக உறிஞ்சும். திறந்த யன்னல் வழியே போகிற சத்தம் திரும்பி வராது, அதுவும் ஓர் உதவி.

நாற்சார் வீட்டில் வைக்கலாமா?

மிக அருமையாக வரும். நடுமுற்றம் திறந்திருப்பதால் சத்தம் தேங்காது. உயர்ந்த ஓட்டுக் கூரை சரிந்திருப்பதால் கூரைக்கும் தரைக்கும் இடையில் பந்தடிப்பதும் இல்லை. ஸ்பீக்கரை ஒரு பக்கத் தாழ்வாரத்தின் உள்மூலைகளில் வைத்து, முற்றத்துக்கு இந்தப் பக்கமே இருந்து கேளுங்கள். பாஸ் கொஞ்சம் முற்றத்தால் வெளியேறும். எனக்கு அந்த நட்டம் பெரிதாகத் தெரிவதில்லை. மாரியில் தூவானம் அடிக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கிரொஸ்ஓவரில் இருக்கும் கண்டென்சரை மாற்றலாமா?

கிரொஸ்ஓவர் என்பது பாஸ், நடு, கீச்சு என்று சத்தத்தைப் பிரித்து அந்தந்த டிரைவருக்கு அனுப்பும் சுற்று. பாகத்தில் கை வைப்பதென்றால் முதல் இடம் இதுதான். ஐம்பது வருடப் பழைய கண்டென்சர் அளவு மாறியிருக்கும், உள்தடை ஏறியிருக்கும். நடுச் சுரம் மங்கி, கீச்சு சோர்ந்து வருவது அதனால்.

அதே அளவு மைக்ரோஃபராட் உள்ள பொலிபுரொப்பிலீன் ஃபில்ம் கண்டென்சர் போடுங்கள். உதாரணத்துக்கு, கிளிப்ஷ் ஏஏ வகைக் கிரொஸ்ஓவரில் 13 ஒன்றும் 2 இரண்டும் இருக்கும். 13 கிடைக்காவிட்டால் 10 ஐயும் 3 ஐயும் சமாந்தரமாகக் கட்டலாம். விலை கூடிய பெயர்களுக்குப் பின்னால் ஓட வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் அளந்து ஒத்த சோடி போடுவதில் இருக்கிற பலன் பெயரில் இல்லை. புதியதில் உள்தடை குறைவு என்பதால் கீச்சு கொஞ்சம் தூக்கலாக வரலாம். அப்போது அரை ஓம் அல்லது ஒரு ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் பழைய சமநிலை வரும்.

எண்ணெய் நிரப்பிய தகர டப்பா போன்ற பழைய கண்டென்சரை வெட்டிப் பார்க்காதீர்கள். 1970கள் வரை செய்தவற்றில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். கசிந்திருந்தால் கையுறை போட்டே தொடுங்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். கசியாத பழசைக் குறிப்பு எழுதிப் பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள், நாளைக்கு வாங்குகிறவர் கேட்பார்.

கிரொஸ்ஓவரில் இருக்கும் கொயிலையும் ட்ரான்ஸ்போமரையும் தொட வேண்டாம். அவை பழுதாவது அரிது.

டயபிரத்துக்குப் புதிதாக டைட்டேனியம் போடச் சொல்கிறார்கள்?

கொயில் அறுந்திருந்தால் ஒழிய மாற்றாதீர்கள். அலுமினியத்துக்கென்று வடிவமைத்த டிரைவரில் டைட்டேனியம் போட்டால் மேல் சுரங்களில் அதன் அதிர்வு வேறு விதமாகக் கலையும். பெண் குரலில் "ஸ", "ச" கூர்மையாகிவிடும். பினோலிக் (பிசின் ஊறிய துணி) டயபிரம் உள்ளதற்குப் பினோலிக்கே போடுங்கள். கிளிப்ஷின் கே-77 ட்வீட்டர் (கீச்சு ஸ்பீக்கர்) எலெக்ட்ரோ-வொய்ஸ் டி35 (T35) வழி வந்தது. உதிரிப்பாகம் தேடுகிறவர்கள் அந்தப் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் வேலை மேசையை முதலில் துடையுங்கள். கொயில் இறங்கும் இடைவெளி மில்லிமீற்றரில் ஒரு சிறு பங்கு. ஓர் இரும்புத் தூள் விழுந்தால் கரகரப்புத்தான். மூடியைத் திறந்ததும் இடைவெளியை மாஸ்கிங் டேப்பால் மூடி, உடனே உரித்தால் தூசு அதோடு வந்துவிடும். ஸ்குறூக்களை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு மெல்லிய சத்தத்தில் 500 ஹேர்ட்ஸில் இருந்து மேலே ஓடவிட்டுக் கேளுங்கள். கரகரத்தால் தளர்த்தி மறுபடி நடுவில் கொண்டுவாருங்கள்.

ஆனால் காந்தத்தைப் பிரிக்கவே கூடாது. அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தத்தை இரும்புக் கூட்டில் இருந்து வெளியே எடுத்தால் அந்தக் கணமே பலம் இழக்கும். பலமாக அடிபட்டாலும் குறையும்.

அல்னிகோ உயர்வு, ஃபெரைட் தாழ்வு என்பது உண்மையா?

கம்பனிகள் மாறியதற்குக் காரணம் விலை. 1978 இல் சயீரின் (இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு) ஷாபா மாகாணச் சண்டையால் கோபால்ட் விலை எகிறியது. அல்னிகோவுக்குக் கோபால்ட் வேண்டும். நன்றாக வடிவமைத்த ஃபெரைட் (கறுப்புப் பீங்கான் காந்தம்) டிரைவர் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

ஹோர்னைத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது.

தகர, அலுமினிய ஹோர்ன் எல்லாம் ஒலிக்கும். கார் கதவுக்குள் ஒட்டுகிற பிற்றுமின் தாளை ஹோர்னின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள், உள்பக்க வளைவைத் தொடக் கூடாது. பிறகு தட்டினால் "டொக்" என்று அடங்க வேண்டும். நிரந்தரமாக ஒட்ட மனமில்லாதவர்கள் பருத்திக் கயிற்றை இறுக்கிச் சுற்றலாம். ஹோர்ன் விளிம்புக்கும் பலகைக்கும் இடையில் மெல்லிய நுரைப் பட்டி வையுங்கள்.

பாட்டு நின்றதும் "ஸ்ஸ்" என்றும் "ம்ம்" என்றும் கேட்கிறது.

மற்ற ஸ்பீக்கரில் கேட்காத அம்பிளிஃபயர் இரைச்சல் இதில் கேட்கும், 17 டெசிபல் கூட அல்லவா. "ஸ்ஸ்" என்றால் அம்பிளிஃபயருக்கு முன் இருக்கும் கருவியின் சத்தத்தைக் கூட்டி, அம்பிளிஃபயரின் குமிழியைக் குறைத்து வையுங்கள். "ம்ம்" என்றால் ஏர்த் வளையம். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பட்டையில் செருகுங்கள். ஏர்த் வயரை வெட்டுவது மட்டும் ஒருபோதும் வேண்டாம், உயிர் போகும்.

தனித்தனி அம்பிளிஃபயரை நேரே ஹோர்னுக்குக் கொடுப்பவர்கள் இடையில் ஒரு காவல் கண்டென்சர் வையுங்கள். 8 ஓம் நடு டிரைவருக்கு 80 மைக்ரோஃபராட், ட்வீட்டருக்கு 20. சுவிச் போடும்போது வருகிற ஓர் உதையில் கிடைத்தற்கரிய டயபிரம் போய்விடும்.

பாஸ் போதவில்லையே?

லா ஸ்காலா 50 ஹேர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும். மூலையை முயன்ற பிறகும் போதாது என்றால் சப்வூபர் சேர்க்கலாம், முடிந்தால் இரண்டு. மடித்த பாஸ் ஹோர்னில் சத்தம் நீண்ட வழி சுற்றி வருவதால் சற்றுப் பிந்தும். 35 சென்ரிமீற்றருக்கு 1 மில்லிசெக்கன். டிஎஸ்பி (சத்தத்தை டிஜிட்டலாகச் சீர்செய்யும்) கருவி இருந்தால் மற்றவற்றை அந்த அளவுக்குப் பிந்த விடலாம்.

ஏ7 போல ஹோர்ன் மேலே தனியாக இருக்கும் வகைக்குக் கருவியே வேண்டாம். ஹோர்ன் வயரின் இரு முனையையும் இடம் மாற்றிப் பூட்டி, பாஸும் ஹோர்னும் கைமாறும் கிரொஸ்ஓவர் சுரத்தில் மெல்லிய ஒற்றைத் தொனி ஓடவிட்டு, ஹோர்னை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று விழும். அதுதான் இடம். வயரைப் பழையபடி பூட்டினால் இரண்டும் ஒன்றாகச் சேரும். அதன்பிறகு யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். விரல் கூட்டின் அடியும் தொப்பியின் கம்பீரமும் ஒரே தவிலில் இருந்து வர வேண்டும்.

நல்ல வயர் எது?

2.5 சதுர மில்லிமீற்றர் வீட்டு வயரிங் செப்பு வயர்.

உப்புக் காற்றும் கறையானும்?

பருத்தித்துறை, ஊர்காவற்றுறைப் பக்கம் கடலோரம் இருப்பவர்கள் வருடத்தில் இரண்டு முறை வயர் முனைகளைக் கழற்றித் துடையுங்கள். பொலித்தீன் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளே அடைந்து கடதாசிக் கோனில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்திச் சேலை நல்லது. மாரியில் தினமும் கொஞ்ச நேரம் பாட விடுங்கள்.

கறையான் நிலத்துக்கும் பெட்டிக்கும் இடையில், கண்ணில் படாத பக்கத்தால் ஏறும். பெட்டியின் அடியில் கருங்கல் அல்லது டைல்ஸ் துண்டு வைத்து இரண்டு விரல் உயர்த்துங்கள். மூலையில் நெருக்கி வைத்தவர்கள் மாதம் ஒருமுறை இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். மருந்து அடிப்பதென்றால் டிரைவரைக் கழற்றிய பிறகு.

பெட்டி உளுத்துவிட்டது. ஊர் ஓடாவியிடம் புதிதாகச் செய்விக்கலாமா?

செய்விக்கலாம், எங்கள் ஓடாவிமாருக்கு இது பெரிய வேலை இல்லை. தேக்கு, பலா என்று முழுமரம் கேட்க வேண்டாம். கோடையிலும் மாரியிலும் சுருங்கி விரிந்து பொருத்துகள் விட்டுப்போகும். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் எடுங்கள், வெளியே வேண்டுமானால் தேக்குத் தோல் ஒட்டலாம். பழைய பெட்டியை உடைக்காமல் முழுதாகவே கொடுங்கள். உள்மடிப்புகளின் கோணத்தை அவர் அதில் இருந்து நேரே எடுக்க வேண்டும், கண் மதிப்பில் வெட்டக் கூடாது. ஒவ்வொரு பொருத்தும் பசையும் ஸ்குறூவும் சேர்ந்தே. முடிந்ததும் இரவில் பெட்டிக்குள் ரோர்ச்சை எரியவிட்டு வெளியே சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தால் பாஸும் கசியும். அதை அடைத்த பிறகே டிரைவரைப் பூட்டச் சொல்லுங்கள்.